நம்ம வீட்டு வாட்ஸ்அப் குழு: பிளாக்போர்டு எத்தனை சிலபிள்?

காவ்யா: அத்தை, இங்கிலீஷ்ல பிளாக்போர்டு எத்தனை சிலபிள், அதாவது எத்தனை அசை? தம்பி நாலுங்கிறான்.

மாலதி அத்தை: ரெண்டுதான். ப்ளாக்-போர்ட். நம்ம வாயில முன்னாடி ஒரு இ, கடைசியில ஒரு உ தானா ஒட்டிக்குது. அது ரெண்டையும் கழிச்சுட்டு எண்ணச் சொல்லு.

சித்தப்பா: தமிழ்ச் செய்யுள் மாதிரி நேர், நிரைன்னும் பிரிக்க வேண்டாம். ஒரு நிரையசைக்குள்ளயே ரெண்டு உயிரொலி இருக்கும். இங்கிலீஷ்ல ஒரு உயிரொலிக்கு ஒரு சிலபிள்.

காவ்யா: க்ரேப்ஃப்ரூட்ல நாலு வவல் இருக்கே?

மாலதி அத்தை: எழுத்தை எண்ணாதே, சத்தத்தை எண்ணு. முதல்ல ரெண்டு சொல்லும் ஒட்டுற இடத்துல வெட்டு: க்ரேப் | ஃப்ரூட். க்ரேப் கடைசியில வர்ற e ஊமை, சத்தமே வராது. ஃப்ரூட்ல u, i ரெண்டும் சேர்ந்து ஒரே ஊ. ஆக ரெண்டு. ஒட்டைப் பார்க்காம வெட்டினா நியூஸ்பேப்பர் நியூ-ஸ்பே-பர்னு ஆயிடும். நியூஸ்-பே-பர், மூணு.

சித்தப்பா: கப்போர்டுல மட்டும் உஷார். அதுல p ஊமை, போர்டும் தேய்ஞ்சுபோச்சு. 'க-பட். போஸ்ட்மேனும் 'போஸ்ட்-மன்தான்.

காவ்யா: முன்னாடி போட்ட அந்த ' குறி என்ன சித்தப்பா?

சித்தப்பா: அதுக்கு அடுத்த அசையில ஸ்ட்ரெஸ், அதாவது அழுத்தம்னு அர்த்தம். அகராதியிலயும் பெரும்பாலும் அசைக்கு முன்னாடிதான் போடுவாங்க.

மாலதி அத்தை: ரெண்டு சொல் சேர்ந்த கூட்டுப் பெயர்ச்சொல்னா அழுத்தம் பெரும்பாலும் முதல் சொல்லுலதான் விழும். 'ப்ளாக்-போர்ட்னா வகுப்புல எழுதுற பலகை. ப்ளாக் 'போர்ட்னா கறுப்பா இருக்கிற ஏதோ ஒரு பலகை. அமெரிக்க அதிபர் வீடு 'ஒயிட் ஹவுஸ், வெள்ளையடிச்ச வீடு ஒயிட் 'ஹவுஸ்.

காவ்யா: எல்லாத்துக்கும் இதே ரூலா?

மாலதி அத்தை: இல்ல. -ed-ல முடியுற கூட்டு உரிச்சொல்லுக்கு (adjective) ரெண்டாவது சொல்லுல: ஓல்ட்-'ஃபே-ஷன்ட். ஆஃப்டர்நூனுக்கும் கடைசியில: ஆஃப்-டர்-'நூன்.

சித்தப்பா: தெருப் பேர் வேடிக்கையைக் கேளு. லண்டன்ல 'ஆக்ஸ்ஃபர்ட் ஸ்ட்ரீட். ஆனா ஸ்ட்ரீட் இல்லாம ரோடு, அவென்யூன்னு வந்தா அழுத்தம் அந்தப் பின்சொல்லுக்குப் போயிடும். 'ஆப்பிள் ஜூஸ், ஆனா ஆப்பிள் 'பை. இதுக்கெல்லாம் அகராதியைப் பார்த்துடறதுதான் நல்லது.

காவ்யா: மதர்-இன்-லா?

மாலதி அத்தை: 'ம-தர்-இன்-லா, நாலு. ஆனா பாசர்-பைக்குக் கடைசியில: பா-சர்-'பை.

சித்தப்பா: மாமியாருக்கு இங்கிலீஷ்லயும் முதல் அழுத்தம்தான் 😄