பிடிஎஃப் அறிக்கைக்குள் எக்செல் கோப்பை ஸ்கிரிப்ட் மூலம் இணைத்தல்: பட்டனில் மட்டும் பிழை

கேள்வி (கிண்டி):
வணக்கம். மண் ஆய்வு அறிக்கைகள் தயாரிக்கும் சிறிய அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் போடும் ஒவ்வொரு போர்ஹோலுக்கும் (மண்ணைச் சோதிக்கத் துளையிடும் குழி) ஓர் எக்செல் கணக்குத்தாள் உண்டு. அறிக்கை ஓரிடத்திலும் கணக்கு வேறொரு மின்னஞ்சலிலும் கிடந்தால், அஸ்திவாரத்தை வடிவமைக்கும் பொறியாளரால் எந்த எண்ணையும் சரிபார்க்க முடிவதில்லை என்பதால், கணக்குத்தாளை அறிக்கைக்குள்ளேயே வைக்க விரும்புகிறேன். அக்ரோபாட் ஜாவாஸ்கிரிப்டில், பிடிஎஃப்புக்குள் கோப்பை இணைக்கும் 'இம்போர்ட் டேட்டா ஆப்ஜெக்ட்' ஃபங்ஷனுக்கு ஒரு பெயரையும் கோப்பு இருக்கும் பாதையையும் கொடுத்தேன். கன்சோலில் (கட்டளையைத் தட்டி ஓட்டும் சன்னல்) ஓடுகிறது, அதே வரியைப் பட்டனில் வைத்தால் பாதுகாப்புப் பிழை வருகிறது. எங்கே தவறு?

பதில் (அம்பத்தூர்):
உங்கள் வரியில் தவறில்லை. பாதையைக் கொடுத்து அழைத்தால் அந்த ஃபங்ஷன் கன்சோலிலும் பேட்ச் வேலையிலும் (பல கோப்புகளை ஒரே ஓட்டத்தில் கையாளும் முறை) மட்டுமே ஓடும். எங்கிருந்தோ வந்த ஒரு பிடிஎஃப், பட்டனை அழுத்தியதும் நம் கணினியில் இருக்கும் ஏதோ ஒரு கோப்பைச் சத்தமில்லாமல் எடுத்துத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுப்பாடு. பட்டனில் பெயரை மட்டும் கொடுங்கள். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி திறக்கும். கேட்காமலே இணைய வேண்டுமானால், அக்ரோபாட்டின் ஜாவாஸ்கிரிப்ட் ஃபோல்டரில் 'டிரஸ்டட் ஃபங்ஷன்' (நம்பகமானது என அறிவிக்கப்பட்ட ஃபங்ஷன்) ஒன்றை ஒரு ஸ்கிரிப்ட் கோப்பில் எழுதி, அதற்குள் கூடுதல் அனுமதியைத் தொடங்கும் 'பிகின் பிரிவ்' வரிக்குப் பின் அழைக்க வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் கோப்பை வைத்த கணினியில் மட்டுமே அது வேலை செய்யும்.

பதில் (தரமணி):
அறிக்கைகள் நிறைய என்றால் பட்டனே வேண்டாம் என்பேன். பைத்தானில் பைபிடிஎஃப் நூலகத்தின் 'ஆட் அட்டாச்மென்ட்' ஃபங்ஷனுக்குக் கோப்பின் பெயரையும் அதன் பைட்டுகளையும் கொடுத்தால் போதும். எக்செல் கோப்பைக் கட்டாயம் பைனரி முறையில் (எழுத்தாக மாற்றாமல், பைட்டுகளாகவே) திறந்து படியுங்கள். ஜிப் செய்து இணைக்காதீர்கள். ஜிப் இணைப்பை அக்ரோபாட் இயல்பாகத் திறக்க விடாது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. பைத்தான் வழியில் இணைந்துவிட்டது. கணினியில் பேப்பர்கிளிப் குறியின் கீழ் கணக்குத்தாள் தெரிகிறது; ஆனால் சைட்டில் இருந்த பொறியாளரின் கைபேசியில் அறிக்கை மட்டுமே தெரிந்தது.

பதில் (அம்பத்தூர்):
கோப்பு உள்ளேதான் இருக்கிறது. கைபேசிச் செயலிகள் பலவும் இணைப்பைக் காட்டுவதில்லை. கணினியில் ஃபயர்பாக்ஸின் பக்கப்பட்டியில்கூட அதைப் பார்க்கலாம். எனவே முதல் பக்கத்திலேயே இணைப்பின் பெயரை அச்சிட்டுவிடுங்கள். நீண்டகாலம் பாதுகாக்க வேண்டிய அறிக்கை என்றால் பிடிஎஃப்/ஏ என்ற நீண்டகாலச் சேமிப்புத் தரத்தில், 2012-இல் வந்த பிடிஎஃப்/ஏ-3 வகையில் சேமியுங்கள். அதற்கு முந்தைய ஏ-1 எந்த இணைப்பையும் ஏற்காது, ஏ-2 பிடிஎஃப்/ஏ கோப்புகளை மட்டுமே ஏற்கும்.