புதுப்பிப்பு: கண்ணாடி போட்டும் 3டி படம் இரட்டையாகத் தெரிந்தால்

கணினியிலிருந்து எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவியில் 3டி படம் போட்டால் இரட்டையாகத் தெரிகிறது என்பதுதான் முந்தைய பதிவின் சிக்கல். இப்போது தெளிவாகிவிட்டது.

இரு கண்களுக்குமான படங்கள் ஒரே சட்டகத்தில் அருகருகே அமைந்த (side-by-side) 1920×1080 கோப்பில் ஒரு கண்ணுக்கு 960×1080 புள்ளிகள்தான். அதை டிவி தானாக அறியாது. ரிமோட்டில் 3டி முறையை நாமே தெரிவு செய்யவேண்டும். கணினியில் படம் போடும் கோடி (Kodi) மென்பொருளிலும் அதே முறையைக் கொடுங்கள், இல்லாவிட்டால் சப்டைட்டில் இரண்டாகப் பிளந்து நிற்கும்.

பெசிவ் கண்ணாடி (பற்றரி இல்லாத சாதாரண 3டி கண்ணாடி) டிவி என்றால் இன்னொன்று: ஒற்றை வரி ஒரு கண்ணுக்கு, இரட்டை வரி மறு கண்ணுக்கு. கோடி வரிவரியாகப் பின்னி அனுப்பும்போது டிவி படத்தைச் சற்றே பெருப்பித்தாலும் வரிகள் கலந்துவிடும். ஆகவே 1080பி, ஓவர்ஸ்கேன் (டிவி படத்தைப் பெருப்பித்து ஓரங்களை வெட்டுவது) நிறுத்தம், இரண்டும் கட்டாயம். ஆழம் உள்வெளியாகப் புரண்டால் இடம்-வலம் மாற்றுங்கள்.

3டி புளூரேயை முழுத் தரத்தில் அனுப்ப 1920×2205 சட்டகம், 24 ஹெர்ட்ஸ் வேண்டும். என்விடியா கிராபிக்ஸ் கார்டு என்றால், 425.31க்குப் பிந்தைய டிரைவர்களில் 3டி விஷன் (அதன் 3டி வசதி) இல்லை. அப்டேட் செய்யமுன் யோசியுங்கள்.

கடற்கரை ஊரான உப்புவெளியிலிருந்து ஓர் அண்ணா, திரை இடையிடையே கறுப்பாகிறது என்று கேட்டிருந்தார். அதற்கு முதலில் கேபிள் முனையைக் கழற்றிப் பாருங்கள். கடற்காற்றில் பச்சை பிடித்திருந்தால் கேபிளையே மாற்றுங்கள்.