மாலத்தீவில் சைவச் சாப்பாடு, படகு: அவசர உதவி

தென்றல்72: அடுத்த வெள்ளிக்கிழமை மாலேயில் இறங்குகிறோம். அம்மா சுத்த சைவம். அங்கே மீனை விட்டால் வேறொன்றும் கிடைக்காது என்று பயமுறுத்துகிறார்கள். படகு டிக்கெட் எங்கே வாங்குவது? உடனே சொல்லுங்கள்.

கடற்காகம்: எந்தத் தீவு? ரிசார்ட்டா, உள்ளூர்த் தீவில் விடுதியா? ரிசார்ட் என்றால் அவர்களே வந்து அழைத்துப்போவார்கள்.

நடைவண்டி: வெள்ளியன்று மலிவான பொதுப் படகு ஓடாது. வேகப்படகுதான் வழி. விமானம் எத்தனை மணிக்கு என்று விடுதிக்குச் சொன்னால் இடம் பிடித்துவைப்பார்கள்.

மூத்தபயணி: மாதம் தவறாமல் வரும் கேள்வி. பழைய பதில்களைத் தேடினால் விரல் தேய்ந்துவிடாது. மாலத்தீவுக்குள் நுழைய இணையத்தில் நிரப்பும் இமுகா படிவமாவது நிரப்பினீர்களா? பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் நிரப்ப வேண்டும். இலவசம், பணம் கேட்கும் இணையதளம் போலி. பையில் மது இருந்தால் சுங்கத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள். இதையும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

தென்றல்72: மாஃபுஷி. விடுதி. மது எல்லாம் இல்லை ஐயா, அம்மாவோடு போகிறேன்.

கறிவேப்பிலை: பயம் நியாயம்தான். காலை உணவு மாஸ் ஹுனி: தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சை, கூடவே உதிர்த்த சூரை மீன். சமோசா என்று நினைத்து பஜியாவைப் பிட்டால் உள்ளேயும் சூரைதான். 'இறைச்சி வேண்டாம்' என்றால் போதாது. மீனும் மாசிக் கருவாடும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள். ரோஷி ரொட்டி வெறும் மாவும் எண்ணெயும்தான், அம்மா தாராளமாகச் சாப்பிடலாம். பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுபோங்கள்.

மூத்தபயணி: ஊறுகாயா? கைப்பையில் இருந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள்.

கறிவேப்பிலை: கைப்பை என்று நான் எங்கே சொன்னேன்? பெட்டியில் வைக்கத் தெரியாதா?

நடைவண்டி: பெட்டியில் வைத்தால் எண்ணெய் கசிந்து புடவை நாசம். எலுமிச்சை ஊறுகாய் என்றால் எண்ணெயில்லாமல் போடலாம்.

கறிவேப்பிலை: எண்ணெயில்லாத ஊறுகாயை எங்கள் வீட்டில் நோயாளிக்குத்தான் கொடுப்போம்.

கடற்காகம்: சண்டைக்கு நடுவே ஒன்று: 50 அறைக்குக் குறைந்த விடுதியில் பசுமை வரி ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டாலர். வாடகையில் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

தென்றல்72: விடுதியில் பேசிவிட்டேன். ரோஷி, மீனில்லாத பருப்புக் கறி தருவார்களாம். படகும் சொல்லியாயிற்று. எல்லோருக்கும் நன்றி.

மூத்தபயணி: வரியைக் கேட்டீர்களா?

நடைவண்டி: அவர் போய்விட்டார். நீங்கள் சொல்லுங்கள், மாவடு பெட்டியில் கசியுமா?