1796-ஆம் வருசத்து அமெரிக்க ஜிஞ்சர்பிரெட்: அளவை எப்படி எடுக்கது?

கருங்கல் அடுக்களை:
எல்லாருக்கும் வணக்கம். நான் கருங்கல்ல வீட்டுல வச்சு கேக் செஞ்சு விக்கேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்க சபை மாதர் சங்கத்துல பலகாரக் கடை போடுகோம். முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பிளம் கேக்கும் எல்லா மேசையிலயும் வரும். வேற ஏதாவது வைக்கணும்னு அமீலியா சிம்மன்ஸ் எழுதின 'அமெரிக்கன் குக்கரி' புத்தகத்தை டவுன்லோட் பண்ணினேன். 1796-ல ஹார்ட்ஃபோர்டுல அச்சடிச்சது. அதுல மொலாசஸ் (சீனி காய்ச்சி எடுத்தப்பறம் மிஞ்சுற கரும்புப் பாகு) போட்ட ஜிஞ்சர்பிரெட்ங்கிற மசாலாப் பலகாரம் ஒண்ணு கெடக்கு: மாவு 4 பவுண்டு, மொலாசஸ் 1 குவார்ட், வெண்ணெய் 4 அவுன்ஸ், அரை பைன்ட் தண்ணியில கரைச்ச பேர்ல் ஆஷ் 4 டீஸ்பூன், பட்டை 1 டேபிள்ஸ்பூன், கொஞ்சம் மல்லி இல்லேன்னா ஆல்ஸ்பைஸ். கெட்டியா பிசஞ்சு, நல்ல சூட்டுல 15 நிமிசம். அவ்வளவுதான் எழுதியிருக்கு.

பேர்ல் ஆஷ்க்குப் பதிலா என்ன போடலாம்? மொலாசஸுக்குக் கருப்பட்டி சரியா வருமா? ஓடிஜி கரண்ட் அடுப்புல எத்தனை டிகிரி? பேருல இஞ்சி இருக்கு, பொருள்ல இஞ்சியே இல்லையே, அது ஏன்? தெரிஞ்சவங்க சொல்லித் தாங்க.

தக்கலை டீச்சர்:
மக்களே, நல்ல புத்தகத்தை எடுத்திருக்க. தலைப்புப் பக்கத்துலயே 'ஓர் அமெரிக்க அநாதை' எழுதினதுன்னு போட்டிருப்பா, பாத்தியா? அதுவரைக்கும் அங்க புழங்கினது இங்கிலாந்துப் புத்தகமும் அதோட மறுபதிப்பும்தான். சோளமாவுப் பண்டங்களை அச்சுல ஏத்தினவ இவ.

நான் பள்ளிக்கூடத்துல ஹோம் சயின்ஸ் எடுத்தவ. அளவுப் பாடத்தை எப்பவும் ஃபேனி ஃபார்மரை வச்சுத்தான் தொடங்குவேன். பாஸ்டன் சமையல் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. 1896-ல வந்த அவங்க புத்தகம்தான் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்கணும்ங்கிறதை வீடு வீடா கொண்டு சேர்த்தது. நாழியும் உழக்கும் தலைதட்டி அளந்த ஊர்க்காரங்க நாம, நமக்கு இது சட்டுன்னு புரியும். அமீலியா அவங்களுக்குச் சரியா 100 வருசம் முந்தினவ. அந்தக் காலத்துப் புத்தகங்கள்ல 'முட்டை அளவு வெண்ணெய்', 'ஒரு ஒயின் கிளாஸ்' இப்படித்தான் வரும். முட்டை அளவுன்னா 50, 60 கிராம். ஒயின் கிளாஸ்னா சுமார் 60 மில்லி. கில்னு வந்தா 118 மில்லி. அடுப்படி தெரிஞ்ச கைக்கு எழுதினது அது. உனக்கு அந்தக் கை இருக்கு, பயப்படாண்டாம்.

உன் கணக்குக்கு வாறேன். முழு அளவும் செய்யாத, கால் பங்கு எடு. மாவு 450 கிராம், பாகு 237 மில்லி, வெண்ணெய் 28 கிராம், தண்ணி 60 மில்லி. பேர்ல் ஆஷ்ங்கிறது விறகுச் சாம்பல்ல இருந்து காய்ச்சி எடுத்த பொட்டாசியம் உப்பு. பேக்கிங் பவுடர் வரதுக்கு முந்தி மாவைப் பொங்க வச்சது அதுதான். அதுக்கு ஆப்பசோடா 1 டீஸ்பூன் போடு. 1800-கள்ல வந்த புத்தகங்கள்ல சலரேட்டஸ்னு பாத்தாலும் இதே சோடாவை எடுத்துக்க.

கருப்பட்டி தாராளமா வரும். ஆனா ஒரு காரியம் கவனி. மொலாசஸ்ல இயற்கையிலயே புளிப்பு உண்டு, அது சோடாவோட சேர்ந்து பொங்கும். நம்ம கருப்பட்டி அப்படி இல்ல. பதநீ இறக்குற கலயத்துல சுண்ணாம்பு தடவுவாங்க இல்லியா, அதனால புளிப்பு நிக்காது. வெறும் தண்ணி விட்டா பலகாரம் அமுங்கிப் போகும், சோடா வாடையும் அடிக்கும். அந்த 60 மில்லி தண்ணிக்குப் பதிலா நல்லா புளிச்ச மோர் விடு. கருப்பட்டியைக் காய்ச்சி, மண்ணு போக வடிகட்டி, தேன் பதத்துக்கு வத்த வச்சு ஆறினப்பறம் அள. ஓடிஜியை 200 டிகிரியில சூடாக்கி வை. அரை விரக்கடை கனத்துல பரத்தினா 12 நிமிசத்துலயே பாத்துக்க, கருப்பட்டி சீக்கிரம் கருகும். உள்ள வைக்கதுக்கு முந்தி முட்டை வெள்ளையும் சீனியும் அடிச்சு மேல தடவணும், அதையும் அவளே எழுதியிருக்கா.

இஞ்சி காரியம்: அடுத்தடுத்துள்ள ஜிஞ்சர்பிரெட்டையும் பாரு, அதுல இஞ்சி வரும். மசாலா போட்ட இனிப்புப் பலகாரத்துக்கெல்லாம் அந்தப் பேரு நின்னுபோச்சு. நீ ஒரு ஸ்பூன் சுக்குப்பொடி போடு, மாறாமலை கிராம்பு ரெண்டு இடிச்சுச் சேரு, கொள்ளாம்.

மார்த்தாண்டம் வாசகன்:
டீச்சர், அந்தக் காலத்து அமெரிக்கப் புத்தகத்துல கறிப்பொடி கூட உண்டுன்னு ஒருத்தர் சொன்னாரு. நேராவா?

தக்கலை டீச்சர்:
நேராத்தான் தம்பி. மேரி ராண்டால்ஃப் 1824-ல போட்ட 'வர்ஜீனியா ஹவுஸ்-ஒய்ஃப்'ல உண்டு. மஞ்சள், மல்லி, சீரகம், சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகாய்ப்பொடி, ஏழும் தலைக்கு ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம். இடிச்சு சலிச்சு, குப்பியில அடைச்சு வைக்கச் சொல்லுகா. மல்லிக்குச் சமமா ஜாதிக்காயா! நம்ம தீயலுக்கு வறுக்கிற கை அதை ஒத்துக்காது. ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் தலைக்கு அரை டீஸ்பூனா குறைச்சு, மல்லியைக் கூட்டினா வாய்க்கு ஒத்து வரும்.

ஆனா அந்தப் புத்தகத்தைப் படிக்கும்போது எனக்கு மனசு ஒரு இடத்துல நிக்கும். ராண்டால்ஃப் குடும்பம் தோட்டமும் அடிமைகளும் வச்சிருந்த குடும்பம். அந்த அடுப்புல வெந்து சமைச்ச பெண்களோட பேரு அட்டையில இல்ல. அதனால நான் எல்லாருக்கும் சொல்லுகது, இன்னும் ரெண்டு பெண்களைச் சேர்த்துப் படிங்க. மலிண்டா ரசல், அடிமையாகாம டென்னசியில பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண், பலகாரக் கடை நடத்தினவ. 1864-ல கொள்ளைக்கூட்டம் பணத்தைப் பறிச்சுக்கிட்டுது, ஊரை விட்டு மிச்சிகனுக்குப் போனா. திரும்பி ஊருக்குப் போகப் பணம் சேர்க்கணும்னே 1866-ல ஒரு சின்னப் புத்தகம் போட்டா. பெரும்பாலும் கேக்கும் இனிப்பும்தான். பிள்ளே, உன் மேசைக்கு அதுலயிருந்தும் ஒண்ணு எடு. இன்னொருத்தி ஏபி ஃபிஷர். தென் கரோலினாவுல அடிமையாப் பிறந்தவ. எழுதப் படிக்கத் தெரியாது. சான்ஃப்ரான்சிஸ்கோவுல அவ வாயால சொல்லச் சொல்ல மத்தவங்க எழுதி 1881-ல அச்சாச்சு. கடைசியில பச்சப்பிள்ளைக்குக் கொடுக்கிற கூழ் ஒண்ணு சொல்லுகா: 11 பிள்ளை பெத்தேன், எல்லாத்தையும் இதைக் கொடுத்து வளத்தேன்னு. என் அம்மை எனக்குக் கூவரகு காய்ச்சினதை யாரு எழுதி வச்சா? ஏபிக்கு எழுதிக் கொடுத்தவங்களுக்கு நான் நன்றி சொல்லுவேன்.

குளச்சல் நர்ஸ்:
டீச்சர் சொன்னதோட ஒண்ணு சேர்க்கேன். அந்தக் காலத்து வீட்டுக் குறிப்புப் புத்தகங்கள்ல கைவைத்தியப் பகுதி உண்டு. அபின் கலந்த லாடனமும் பாதரசம் கலந்த கலோமலும் சாதாரணமா வரும். படிச்சுப் பாருங்க, யாருக்கும் கொடுத்துராதீங்க. அதுபோல காய்கறியையும் இறைச்சியையும் குப்பியில அடைச்சு வெறும் கொதிதண்ணியில வச்சுச் சேமிக்கிற பழைய முறையும் வேண்டாம். சாப்பாட்டை நஞ்சாக்குற பாட்டுலிசம் கிருமியோட வித்து 100 டிகிரியில சாகாது, நஞ்சு வாடையில தெரியாது.

கருங்கல் அடுக்களை:
ரொம்ப நன்றி டீச்சர், அக்காவுக்கும் நன்றி. மோர் இன்னைக்கே புளிக்க வச்சாச்சு. மாவுன்னா மைதாதானே, கோதுமை மாவு கலக்கலாமா?

தக்கலை டீச்சர்:
பாதிக்குப் பாதி கலக்கு. கோதுமை கூடினா மோரும் ரெண்டு ஸ்பூன் கூடுதலா பிடிக்கும். சாமான் மேசைக்கு வரும்போது ஒரு அட்டையில அமீலியா சிம்மன்ஸ், 1796ன்னு எழுதி வை. மலிண்டாவுதைச் செஞ்சா அவ பேரும் வருசமும் வை.