ஆளில்லாமல் ஓடிய ரயில்: ‘அன்ஸ்டாப்பபிள்’ படம் பார்த்தவர்களின் அனுபவப் பகிர்வு

பொருநைக்கரையாள், பாளையங்கோட்டை

2010இல் வெளிவந்த ‘அன்ஸ்டாப்பபிள்’ படத்தை இங்கே பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் கதையைச் சொல்லப் போவதில்லை. டென்சல் வாஷிங்டன் பெட்டிகளின் கூரை மேல் ஓடுவதையும் கடைசியில் அந்த மேம்பால வளைவில் ரயில் சாய்வதையும் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அவை மங்கலாகத்தான் நினைவிருக்கின்றன. மறக்க முடியாமல் இருப்பது தொடக்கத்தில் வரும் மிகச் சிறிய காட்சி. யார்டுக்குள் ரயிலை நகர்த்திக்கொண்டிருக்கும் ஓட்டுநர், முன்னால் பாயின்ட் (ரயிலைத் தடம் மாற்றிவிடும் அமைப்பு) மாறிக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஓடுகிற இன்ஜினிலிருந்து இறங்கி அதைத் திருப்பப் போகிறார். திரும்பி வந்து ஏற முயலும்போது முடியாமல் கீழே விழுகிறார்.

என் அப்பா திருநெல்வேலி, செங்கோட்டை மார்க்கத்தில் மீட்டர்கேஜ் காலத்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். தம்பி குறுந்தகடு கொண்டுவந்து போட்டபோது பிரம்பு நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாகப் பிடிபடாது. ஆனால் அந்த ஓட்டுநர் படியில் கால் வைத்த நொடியில், அப்பாவின் கை நாற்காலியின் பிடியை இறுகப் பற்றி, பிரேக் கைப்பிடியைத் திருப்புவதைப் போல மெல்லத் திரும்பியது. “இறங்கக் கூடாதுல்லா” என்று யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். பிறகு எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார், மீதிப் படத்தை அவர் பார்க்கவே இல்லை. ஏன் என்று நான் அன்று கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. ரயில்வே குடும்பங்களைச் சேர்ந்தவர்களுக்கு இந்தப் படம் எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

மணியாச்சி ஜங்ஷன்

அக்கா, நான் கூட்ஸ் வண்டி ஓட்டும் லோகோ பைலட். ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் படுத்திருந்தபோது உடன் பணியாற்றும் ஒருவருடைய கைபேசியில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இந்தப் படத்தைப் பார்த்தோம். உங்கள் அப்பாவின் கை ஏன் திரும்பியது என்பது எங்கள் நால்வருக்கும் விளங்கும்.

காற்று பிரேக் என்பது காற்றை அடைத்துப் பிடிப்பதன்று, காற்றை வெளியே விடும்போது பிடிப்பது. குழாயில் அழுத்தம் குறைந்தவுடன் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ள தொட்டிக் காற்று உருளைக்குள் பாய்ந்து சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே ஓடும் வண்டியில் பெட்டிகளுக்கிடையே காற்றைக் கொண்டுசெல்லும் ஹோஸ் பைப் அறுந்தால் வண்டி தானாகவே நின்றுவிடும். ஆனால் யார்டுக்குள் சிறிது தூரம் நகர்த்தும்போது பெட்டிகளுக்குக் காற்றை இணைக்காமலே இழுப்பதுண்டு. அந்த நிலையில் இன்ஜினின் பிரேக் ஒன்றுதான் துணை. படத்தில் நடந்தது இதுதான். 2001 மே 15 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் உண்மையாக நடந்ததும் இதுதான். அந்த ஓட்டுநர் இறங்குவதற்கு முன் இன்ஜின் பிரேக்கைப் போட்டார். மோட்டார்களையே பிரேக்காக மாற்றும் டைனமிக் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் என்று நம்பித்தான் கைப்பிடியை உயர்ந்த நிலைக்கு நகர்த்தினார். ஆனால் அது பிரேக் நிலையில் பொருந்தவில்லை, இழுவை நிலையிலேயே இருந்துவிட்டது. இன்ஜின் பிரேக் போடப்பட்டிருந்ததால், ஓட்டுநர் விழிப்புடன் இருக்கிறாரா என்று சோதிக்கும் கருவியும் வேலை செய்யவில்லை. 47 பெட்டிகளுடன் வண்டி கிளம்பிவிட்டது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. படத்தில் அந்த ஓட்டுநரைச் சோம்பேறியாகவும் அறிவில்லாதவராகவும் காட்டியிருக்கிறார்கள். உண்மையில் இறங்கியவர் நீண்ட அனுபவம் கொண்டவர். அனுபவம் இருந்ததால்தான் இறங்கித் திரும்பிவிடலாம் என்ற துணிவு அவருக்கு வந்திருக்கும். அந்த மனிதரைப் பரிகாசப் பொருளாக்கியதை என்னால் ஏற்க முடியவில்லை. ரன்னிங் ரூமில் அந்த இடத்தில் எங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. மற்றபடி ஹெலிகாப்டரிலிருந்து ஆளை இறக்குவதெல்லாம் சினிமாவுக்காகச் சேர்த்தது. நம் நாட்டில் இப்படி ஒரு வண்டி ஆளில்லாமல் நெடுந்தூரம் ஓட வாய்ப்பே இல்லை.

குற்றாலச்சாரல், தென்காசி

மணியாச்சி அண்ணனின் விளக்கத்துக்கு நன்றி. ஆனால் கடைசி வரியை அவர் எப்படி எழுதினார் என்று எனக்குப் புரியவில்லை. 2024 பிப்ரவரி 25 அன்று ஜம்முவை அடுத்த கத்துவா நிலையத்தில் நிறுத்தியிருந்த சரக்கு ரயில், 53 பெட்டிகளில் ஜல்லிக் கற்களுடன், ஓட்டுநர் இல்லாமலே சரிவில் உருண்டு, 70 கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, பஞ்சாபில் உஞ்சி பஸ்ஸி என்ற இடத்தில்தான் நின்றது. மணல் மூட்டைகளையும் மரக்கட்டைகளையும் தண்டவாளத்தில் போட்டு நிறுத்தினார்கள். வழி நெடுகிலும் லெவல் கிராசிங் கேட்டுகளை அடைத்ததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. நடந்த ஒன்றை வாய்ப்பே இல்லை என்று சொல்லலாமா?

என் அனுபவம் இது. கல்லூரி விடுதியில் இந்தப் படத்தைப் பார்த்தபோது, போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று இன்ஜினின் எரிபொருளை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை நோக்கித் துப்பாக்கியால் சுடும் காட்சியில் நாங்கள் எல்லோரும் கைகொட்டிச் சிரித்தோம். இதைவிடப் பெரிய கற்பனை இருக்க முடியாது என்று நான்தான் உரக்கச் சொன்னேன். பிறகு படித்துப் பார்த்தபோது, ஓஹையோவில் அதை உண்மையாகவே செய்தார்கள் என்று தெரிந்தது. அந்தப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்திருந்தால்தான் வேலை செய்யும் என்பதால் தோட்டாவால் பயன் விளையவில்லை. உருகிய பீனால் என்ற நச்சு வேதிப்பொருள் நிரம்பிய இரண்டு பெட்டிகள் அந்த ரயிலில் இருந்தன. அதை நிறுத்த அந்தப் போலீஸ்காரர்கள் கையில் இருந்ததை வைத்து முயன்றிருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நான் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கூசுகிறது.

அதன் பிறகு செங்கோட்டையிலிருந்து புனலூர் போகும் மலைப்பாதையில் பயணம் செய்தேன். பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் நுழைந்து, ஆரியங்காவைக் கடந்து, பதின்மூன்று கண் பாலத்தை நோக்கி ரயில் இறங்கும்போது, மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சக்கரத்திலிருந்து வரும் பிரேக் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

சந்திப்பிள்ளையார் முக்கு

தம்பிமாரே, ஓடிப்போன ரயிலைப் பற்றிய படம் என்றால் 1985இல் வந்த ‘ரன்அவே டிரெயின்’ படத்துக்கு இணை கிடையாது. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவா எழுதிய மூலத் திரைக்கதையிலிருந்து ரஷ்யரான கொன்சலோவ்ஸ்கி எடுத்தது. ஜான் வாய்ட், எரிக் ராபர்ட்ஸ் இருவருமே ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்கள். சிறையிலிருந்து தப்பிய இருவர் அலாஸ்காவின் பனிக்குள் ஓடும் ரயிலில் ஏறுகிறார்கள். ஓட்டுநர் மாரடைப்பால் விழுந்து இறந்துவிடுகிறார். வாய்ட் இன்ஜின் கூரையில் பனிக்காற்றில் கைகளை விரித்து நிற்பதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். நான் பார்த்தது சித்திரை மாதத்து மத்தியானம், மின்விசிறி சுற்றியும் வியர்த்துக் கொட்டிய நேரம். அந்தக் காட்சியில் என் முதுகு சில்லிட்டது.

டோனி ஸ்காட் எடுத்த ‘அன்ஸ்டாப்பபிள்’ படத்தில் ரயிலை நிறுத்துவது எப்படி என்பது மட்டுமே கேள்வி. ‘ரன்அவே டிரெயின்’ படத்தில் நிறுத்த வேண்டுமா என்பதே கேள்வி. நம் தமிழில் 2016இல் பிரபு சாலமன் ‘தொடரி’ எடுத்தபோது தனுஷுக்கும் கீர்த்தி சுரேஷுக்கும் காதல் பாட்டு வைக்க வேண்டியிருந்தது. அதனாலேயே பாதிப் படம் வரை ரயிலின் வேகம் நமக்கு உறைக்கவில்லை.

மணியாச்சி ஜங்ஷன்

தென்காசித் தம்பி சொன்னது சரி, நான் எழுதியது தவறு. கத்துவா செய்தி வந்த நாளில் நானும் பணியில் இருந்தேன். அன்று இரவு நிறுத்திய வண்டியில் ஹேண்ட் பிரேக் சுற்றியிருக்கிறதா, சக்கரத்துக்குக் கட்டை வைத்திருக்கிறதா என்று இரண்டு முறை டார்ச் அடித்துப் பார்த்தேன். அப்படியிருந்தும் வாய்ப்பே இல்லை என்று எழுதிவிட்டேன். நடக்காது என்று நம்பிக்கொண்டுதான் தினமும் கேபினில் ஏற முடிகிறது என்பதால் கை தானாக அப்படி எழுதியிருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். படத்தில் டென்சல் வாஷிங்டனுக்குக் கட்டாய ஓய்வுக் கடிதம் ஏற்கெனவே வந்திருக்கிறது. அது தெரிந்த பிறகும் அவர் அந்த ரயிலைத் துரத்துகிறார். உண்மையில் துரத்திப் பிடித்த ஜெஸ் நோல்டன் 31 ஆண்டு அனுபவம் உள்ளவர், உடன் இருந்த டெரி ஃபோர்சன் பணியில் சேர்ந்து ஓராண்டே ஆனவர். இவர்கள் தங்கள் இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டிச் சென்று கடைசிப் பெட்டியில் கொக்கி மாட்டி மெல்ல மெல்லப் பிரேக் பிடித்தார்கள். திடீரென்று பிடித்திருந்தால் கொக்கி அறுந்திருக்கும். வேகம் மணிக்கு 18 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்த பிறகு, ஜான் ஹாஸ்ஃபெல்ட் என்ற அதிகாரி பக்கத்தில் ஓடிப் போய் ஏறி இன்ஜினை நிறுத்தினார். ஒருவர் ஓடிப் போய் ஏறியதில்தான் எல்லாம் முடிந்தது. முதல் ஓட்டுநரால் முடியாமல் போனதும் அந்த ஓர் ஏற்றம்தான்.

அம்பை அண்ணாச்சி

நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கதை சிறியது. ஆடிக் காற்று வீசும் ஒரு சாயங்காலம், மலையடிவார நிலையம் ஒன்றில் லூப் லைனில் (முதன்மைத் தடத்திலிருந்து பிரிந்து செல்லும் பக்கத் தடம்) நின்ற காலி வேகன் ஒன்று தானாக நகர்வதைப் பார்த்தேன். யாரும் தள்ளவில்லை, எந்தச் சத்தமும் இல்லை. அத்தனை பெரிய இரும்பு, தாமிரபரணியில் தோணி நழுவுவதைப் போல நழுவிப் போயிற்று. பாயின்ட்ஸ்மேன் ஓடிப் போய்ச் சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வீசினார், ஏறி நசுக்கியது, இரண்டாவது கட்டையில் நின்றது. சினிமாவில் ஓடிப்போகும் ரயில் உறுமிக்கொண்டு வருகிறது. உண்மையில் அது ஓசையில்லாமல் கிளம்பும் என்பதை இந்தப் படம் முதல் சில நிமிடங்களில் மட்டும் சரியாகக் காட்டியிருக்கிறது.

இதை எழுதும்போதே எல்லோருக்கும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். நிற்கிற கூட்ஸ் வண்டிக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போகாதீர்கள். நான் பணியாற்றிய நிலையங்களில் பால் கேனுடனும் பள்ளிப் பையுடனும் அப்படிப் போனவர்களைக் கூவி விலக்கியே என் தொண்டை கட்டிப் போனது. நிற்கிற வண்டி நிற்கிறது என்பதற்கு எந்த உறுதியும் கிடையாது. கேட் அடைத்திருக்கும்போது பைக்கைச் சாய்த்து உள்ளே நுழைக்காதீர்கள். பாரம் ஏற்றிய சரக்கு ரயில் முழு வேகத்தில் வந்தால், ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு ஓடித்தான் நிற்கும். உங்களைக் காப்பாற்றும் மனம் அவருக்கு இருந்தாலும் அந்த வண்டிக்கு இருக்காது. கேட்டில் வாகனம் சிக்கிக்கொண்டால் முதலில் ஆட்களை இறக்கி விலக்குங்கள், அடுத்தபடியாகக் கேட் கீப்பரிடம் சொல்லுங்கள், வண்டியைப் பற்றிக் கடைசியாக நினையுங்கள். தண்டவாளத்தில் ஏதாவது கிடப்பதைப் பார்த்தால் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருக்காமல் 139 எண்ணுக்குப் பேசுங்கள், அல்லது பக்கத்துக் கேட்டுக்கு ஓடுங்கள். படிக்கட்டில் அமர்ந்து கால் தொங்கப் போட்டுப் போகும் பிள்ளைகளை உள்ளே இழுத்து உட்கார வையுங்கள். குற்றால சீசனில் கூட்டம் நெரியும்போது இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

சேரன்மகாதேவி அம்மா

அண்ணாச்சி, நீங்கள் சொன்னவை அத்தனையும் உண்மைதான். ஆனால் பாளையங்கோட்டைப் பெண் தன் அப்பாவைப் பற்றி அல்லவா கேட்டார்?

நான் இந்தப் படத்தைப் பிள்ளைகளுடன் பார்த்தேன். பள்ளிக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அதே தடத்தில் எதிரே ஒரு ரயில் வருகிறது. ரயில் பாதுகாப்பைச் சொல்லிக் கொடுப்பதற்காகவே அழைத்துச் செல்லப்பட்ட குழந்தைகள். கடைசி நேரத்தில் பக்கத்துத் தடத்துக்கு ஒதுங்குகிறார்கள். என் சின்னவன் அப்போது, “அந்த ரயிலில் ஓட்டுகிறவர் இல்லை என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியுமா அம்மா?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. இப்போதும் திருச்செந்தூர் வண்டியில் போகும்போது, எதிர் வண்டிக்காக நம் வண்டி காத்து நின்றால், அது கடந்து போகும்வரை அவன் என் கையைப் பிடித்துக்கொள்கிறான். எதிர் இன்ஜினின் சன்னலில் ஓர் ஆளின் தலை தெரிந்த பிறகுதான் விடுகிறான்.

பொருநைக்கரையாள், பாளையங்கோட்டை

எல்லோருடைய பதிவுகளையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மணியாச்சித் தம்பி எழுதிய இன்ஜின் பிரேக் விளக்கத்தை மட்டும் இரண்டு முறை படிக்கச் சொன்னார். பிறகு, நான் பிறப்பதற்கு முன் நடந்த ஒன்றைச் சொன்னார். தண்டவாளத்தில் கன்றுக்குட்டி ஒன்று கால் மாட்டிக் கிடந்ததைப் பார்த்து அப்பா வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறார். கன்றை விடுவித்துவிட்டு நிமிர்ந்தபோது இன்ஜின் அவரை நோக்கி நகர்ந்திருக்கிறது. கேபினில் இருந்த உதவியாளர் உடனே பிடித்துவிட்டார். இரண்டு முழ தூரம்கூட நகர்ந்திருக்காதாம். அன்று இரவு அப்பா சாப்பிடவில்லை. எந்த ஊருக்குப் பக்கத்தில் நடந்தது என்பதை அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை.

எங்கள் வீட்டு வாசல் தெருவை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும். அப்பா தம் டிவிஎஸ் 50 வண்டியை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திய பிறகும் பின் சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை அண்டை கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சிறுவயதில் அதைக் குறித்து நாங்கள் அவரைக் கேலி செய்திருக்கிறோம். வண்டியை விற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் செங்கல்லை அம்மா இன்னும் வாசற்படி ஓரத்திலேயே வைத்திருக்கிறார்.