பெர்மாங்கனேட் + ஆக்சலேட்: மின்சுமை ஏன் சமமாக மாட்டேன் என்கிறது?

கேள்வி:
பெர்மாங்கனேட் (MnO₄⁻), ஆக்சலேட் (C₂O₄²⁻) வினையை அமில ஊடகத்தில் அரைச் சமன்பாடு (எலக்ட்ரான் பெறுவதையும் தருவதையும் தனித்தனியாக எழுதுவது) போட்டுச் சமன் செய்கிறேன். ஆக்சிஜனேற்ற எண் மாங்கனீசுக்கு +7-லிருந்து +2, அதாவது 5 எலக்ட்ரான். கார்பன் +3-லிருந்து +4, 1 எலக்ட்ரான். அதனால் 1 பெர்மாங்கனேட்டுக்கு 5 ஆக்சலேட், 8 ஹைட்ரஜன் அயனி என்று எழுதினால் அணுக்கள் எல்லாம் சரியாக வருகின்றன, ஆனால் மின்சுமை இடப்பக்கம் −3, வலப்பக்கம் +2. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
ஆக்சலேட்டில் கார்பன் 2 இருக்கிறதே! ஒரு அயனி 2 எலக்ட்ரான் தரும். எனக்குக் கேட்டால் அரைச் சமன்பாட்டில் ஆக்சிஜனேற்ற எண்ணே வேண்டாம்: முதலில் அணுக்களைச் சரிக்கட்டுங்கள், அப்புறம் மின்சுமையைப் பாருங்கள், ஆக்சலேட் −2, கார்பன் டை ஆக்சைடு 0, ஆக வலப்பக்கம் 2 எலக்ட்ரான் தானாக வந்து உட்காரும். பெர்மாங்கனேட் பாதியை 2-ஆலும் இதை 5-ஆலும் பெருக்கினால் இருபுறமும் 10 எலக்ட்ரான் அடிபட்டுப் போகும். இடப்பக்கம் 2 பெர்மாங்கனேட், 5 ஆக்சலேட், 16 ஹைட்ரஜன் அயனி; வலப்பக்கம் 2 மாங்கனீசு அயனி, 10 கார்பன் டை ஆக்சைடு, 8 நீர். மின்சுமை இருபுறமும் +4.

பதில் 2:
ஆய்வகத்தில் செய்யும்போது கந்தக அமிலம்தான் சேர்க்க வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றி, செலவாகும் பெர்மாங்கனேட்டின் அளவு கூடுதலாகக் காட்டும்.

கேட்டவர்:
சரி, புரிந்தது. கார ஊடகம் என்றால்?

பதில் 1:
அதே முறைதான், கடைசியில் ஹைட்ரஜன் அயனி எத்தனையோ அத்தனை ஹைட்ராக்சைடை இருபுறமும் சேர்த்து நீராக்கிவிடுங்கள். ஆனால் அங்கே பெர்மாங்கனேட் பெரும்பாலும் மாங்கனீசு டை ஆக்சைடோடு நின்றுவிடும், எனவே 5 இல்லை, 3 எலக்ட்ரான்.