மூன்று விசில் வரைக்கும் காத்திருந்த பையன்

உடற்கல்வி ஆசிரியர்:

எங்கள் பள்ளியில் வில்வித்தை தொடங்கி நான்கு வருடம் ஆகிறது. ஆறு மூங்கில் வில், வைக்கோலை இறுக்கிக் கட்டிய இரண்டு இலக்குப் பலகை, இவ்வளவுதான் எங்கள் சொத்து. ஏழு வில் இருந்தது. ஒருவன் அம்பே வைக்காமல் நாணை முழுக்க இழுத்து விட்டுப் பார்த்தான், ஒன்று உடைந்து போயிற்று.

‘கவனம் கூடும் சார்’ என்று சொல்லித்தான் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கினேன். கூடியதா என்று மார்க் ஷீட்டைக் காட்டி நிரூபிக்க என்னால் முடியாது. நான் கண்ணால் பார்த்தது வேறு. பிள்ளைகள் காத்திருக்கப் பழகினார்கள்.

மைதானத்தில் பேச்சே விசில்தான். இரண்டு முறை ஊதினால் வில்லோடு கோட்டுக்கு வர வேண்டும். ஒரு முறை ஊதினால் எய்யலாம். மூன்று முறை ஊதினால்தான் அம்பைப் பிடுங்கப் போகலாம். ஐந்து முறையோ அதற்கு மேலோ விடாமல் ஊதினால் ஆபத்து என்று அர்த்தம், நாணில் ஏற்றிய அம்பையும் இறக்கிவிட வேண்டும். பெரிய போட்டிகளிலும் இதே கணக்குதான்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். ஒரு இடத்தில் உட்காரமாட்டான், அவன் மேல் புகார் வராத நாள் கிடையாது. முதல் இரண்டு வாரம் யாருக்கும் நான் அம்பு தருவதில்லை. ரப்பர் பட்டையை இழுத்து, இழுத்த கை தாடைக்கு அடியில் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். ‘எப்ப சார் அம்பு?’ என்று தினமும் கேட்டான். மூன்றாவது வாரம் ஐந்து மீட்டர் தூரத்தில், வட்டமே ஒட்டாத வெறும் பலகையில் எய்யச் சொன்னேன். வட்டம் இருந்தால் கண் நடுவில் இருக்கும் மஞ்சளுக்கே ஓடும், கை என்ன செய்கிறதென்று மறந்துவிடும்.

ஒரு நாள் அவன் அம்பு நழுவிக் கோட்டுக்கு முன்னால் ஒரு எட்டில் விழுந்தது. குனிந்தான். காலைத் தூக்கினான். அப்புறம் என்ன தோன்றியதோ, காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான். பக்கத்தில் இருந்த பெண் ரொம்ப நிதானம், அவளிடம் இன்னும் மூன்று அம்பு மீதி. அவள் மூன்றையும் எய்து முடிக்கும்வரை, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்த அம்பைப் பார்த்தபடி நின்றான். வகுப்பாசிரியையிடம் இதைச் சொன்னபோது ‘அவனா?’ என்றார்.

இன்னொன்று. அம்பு விலகினால் முதலில் வில்லைத் திட்டுவார்கள், அப்புறம் காற்றை. ‘எய்தவன் இருக்க அம்பை நோவானேன்’ என்று நான் ஒருமுறை சொல்லப்போக, இப்போது அதையே சொல்லி ஒருவரையொருவர் ஓட்டுகிறார்கள். ஆறு அம்பும் இடப்பக்கம் கீழே கொத்தாகக் குத்தியிருந்தால் நான் கை தட்டுவேன். ஒரே தப்பை ஆறு தடவையும் செய்திருக்கிறான், அதைத் திருத்துவது சுலபம். ஒன்று பத்துப் புள்ளி வட்டத்தில், ஒன்று இரண்டு புள்ளி வட்டத்தில் என்று சிதறினால்தான் வேலை அதிகம்.

எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா:

என் மகள் ஒல்லி. கபடிக்கும் கைப்பந்துக்கும் ஆள் எடுக்கும்போது கடைசிவரை நிற்பாள். வில்லுக்கு மட்டும் யாரையும் ஒதுக்கவில்லை.

அங்கேயும் ஒரு மாதம் அம்பு எல்லாம் ஒரே பக்கம் போயின. மாஸ்டர் அவளை இரு கைகளையும் நீட்டி, நடுவில் சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்து விளக்குக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். இடது கண்ணை மூடினால் கம்பம் காணாமல் போகிறது! வலது கையால் எழுதுகிறவள், ஆனால் குறி பார்ப்பது இடது கண். அன்றிலிருந்து இடது கையால் நாணை இழுக்கும் இடக்கை வில்.

முன்கையில் கட்டும் கைக்காப்பு உறையைப் போட மறந்த ஒரு நாள் நாண் அடித்து முன்கை கன்றிப்போய் வந்தாள். ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வில்லு?’ என்று மாமியார் ஆரம்பித்தார். மகள் ஒன்றும் பேசாமல் போனை எடுத்து ஷீத்தல் தேவியைக் காட்டினாள். கைகள் இல்லாமல் பிறந்து, காலால் வில்லைப் பிடித்து, 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் கலப்பு அணியில் வெண்கலம் வாங்கிய பெண். மாமியார் இரண்டு முறை பார்த்தார். ராத்திரி அவரே விளக்கெண்ணெய் கொண்டுவந்து கன்றிய இடத்தில் தடவிவிட்டார்.

ஒரு அப்பா:

நல்லதையே சொல்கிறீர்கள், நான் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். என் பையனுக்குப் பதினோரு வயதில் போட்டி நெருங்குகிறது என்று இழுக்கக் கனமான வில்லைக் கொடுத்தார்கள். இழுக்கும்போது முதுகு வளைவதை நானே பார்த்தேன், பயிற்சியாளருக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். ஆறு மாதம் தோள்வலி. இப்போது வில்லைத் தொடுவதில்லை.

செலவும் அப்படித்தான். மூங்கில் வில் சில ஆயிரத்தோடு போகும், அதில் 30, 50 மீட்டர் போட்டிகள் ஆடலாம். ஒலிம்பிக் போல 70 மீட்டர், முனைகள் முன்னோக்கி வளைந்த ரிகர்வ் வில் என்று போனால் லட்சத்தைத் தாண்டுகிறது. இதை முதல் நாளே யாரும் சொல்வதில்லை.

உடற்கல்வி ஆசிரியர்:

தோள் விஷயத்தில் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி சார். இழுத்துப் பிடித்துப் பத்து எண்ணுவதற்குள் கை நடுங்கினால் அந்த வில் அந்தப் பிள்ளைக்குக் கனம், அவ்வளவுதான். அமெரிக்காவின் கென்டக்கியில் 2002இல் பள்ளிகளில் வில்வித்தையைத் தொடங்கியபோது எல்லாருக்கும் ஒரே வகை வில்லைக் கொடுத்தார்கள். 10 முதல் 20 பவுண்டு வரை இழுக்கும் கனத்தைக் கூட்டிக் குறைக்கலாம், எந்தக் கை நீளத்துக்கும் பொருந்தும். எங்களிடம் அந்த வசதி இல்லை, அதனால் இருப்பதிலேயே இலேசான வில்லில்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறார்கள். பெரிய பையன்களுக்கு அது கௌரவக் குறைச்சல்.

செலவுக்கு என்னிடம் பதில் இல்லை.

எட்டாம் வகுப்பு மாணவியின் அம்மா:

யாரிடமாவது பழைய இடக்கை வில் இருந்தால் சொல்லுங்கள். மகள் இந்த வருடம் மளமளவென்று வளர்ந்துவிட்டாள், இருப்பது அவளுக்குச் சின்னதாகிவிட்டது.